என் மகனின் பலகையைக் கழுவினேன்

1

போன மாதம் என் மகன் சௌந்தரபாண்டிக்குத் தலைத் திவசம் கொடுத்தோம். கனடாவில் நாங்கள் இருக்கும் ஊரில் ஐயர் இல்லை. ஆறும் உறைந்து கிடந்தது. அவன் படத்துக்கு முன்னால் இலை போட்டு, அவனுக்குப் பிடித்ததை எல்லாம் சமைத்து வைத்தோம். சன்னல்களைத் திறந்து வைத்துக் குளிரில் நடுங்கிக்கொண்டே வடை சுட்டோம். புகை கொஞ்சம் கூடினால் இங்கே கூரையில் மாட்டியிருக்கும் மணி அலறும். பேத்தி கயல்தான் விளக்கேற்றினாள்.

மதுரை பழங்காநத்தத்தில் இருக்கும் என் தம்பி கருப்பையா எல்லாவற்றையும் போனில் பார்த்துக்கொண்டிருந்தான். முடிந்ததும், "அக்கா, அம்புட்டையும் மனசுக்குள்ளயே போட்டு வேகாத. எழுதிக் குடு. இங்க ஒரு பத்திரிகைக்காரர் பழக்கம், போடச் சொல்றேன்" என்றான்.

"மூணாப்போட நின்னவ நான். எனக்கு எழுத வருமாடா?"

"நான் மிலிட்டரில இருந்தப்ப எனக்கு வந்த கடுதாசியெல்லாம் யாரு எழுதுனா? கவர்னரா?"

அதனால் எழுதுகிறேன். ஒரு நாளைக்கு அரைப் பக்கம். பிழைகளை மருமகள் வாசுகி திருத்துகிறாள். பிழையை மட்டும் திருத்து, விஷயத்தைத் தொடாதே என்று சொல்லியிருக்கிறேன். விஷயம் நான் செய்த தப்பைப் பற்றியது. அவளுக்கு அதில் ஒரு வருத்தம் இன்னும் இருக்கிறது.

2

சௌந்தர் இங்குள்ள பல்கலைக்கழகத்தில் கணக்குப் பேராசிரியர். என்ன கணக்கு என்று ஊரில் கேட்பார்கள். ராக்கெட் விடுகிற கணக்கா என்பார்கள். எனக்கும் பதில் தெரியாது. இங்கே வந்து சேர்ந்த பிறகு ஒரு நாள் அவனிடமே கேட்டேன்.

"கேரம் போர்டு மூணு மூலையா இருக்குன்னு வச்சுக்கம்மா" என்றான். "குழி கிடையாது. காயைச் சுண்டிவிட்டா நிக்கவே நிக்காது. சட்டத்துல முட்டி முட்டி ஓடிக்கிட்டே இருக்கும். அது கெளம்புன எடத்துக்கே வந்து, கெளம்புன தெசையிலயே மறுபடி ஓடணும். அந்த மாதிரி ஒரு சுண்டு எல்லா மூணு மூலைப் பலகையிலயும் இருக்கா, இல்லையா? அம்புட்டுத்தான்."

"இதுக்கா சம்பளம் குடுக்குறாக?"

"ஆமா. உன் மருமக கிட்ட சொல்லிராத. அவ நான் பெருசா ஏதோ பண்றேன்னு நெனச்சுக்கிட்டு இருக்கா."

மூன்று மூலையும் கூர்மையாக இருந்தால் திரும்பி வரும் வழி ஒன்று உண்டு என்று எப்போதோ கண்டுபிடித்துவிட்டார்களாம். ஒரு மூலை மட்டும் அகலமாக விரிந்துவிட்டால், எல்லாப் பலகையிலும் அப்படி ஒரு வழி உண்டா என்று உலகத்தில் யாருக்கும் முழுசாகத் தெரியாது. பெரிய பெரிய தலைகளே திணறுகிற இடம் என்றான். அவன் அந்த விரிந்த மூலையில்தான் பதினோரு வருடமாக உட்கார்ந்திருந்தான்.

எனக்கு அது உடனே பிடிபட்டது. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. நானும் என் வீட்டுக்காரரும் பழங்காநத்தம் ரோட்டோரத்தில் கயிற்றுக் கட்டில் பின்னிப் பிழைத்தவர்கள். ஆஸ்பத்திரிக்குப் பின்னியிருக்கிறோம், லாரி ஷெட்டுக்குப் பின்னியிருக்கிறோம். கயிறு ஒரு காலில் கிளம்பி, சட்டத்துக்குச் சட்டம் ஓடி, கடைசியில் கிளம்பிய காலுக்கே வந்து முடிச்சு விழ வேண்டும். முடிச்சு விழாத கட்டிலை நான் கடையை விட்டு அனுப்பியதில்லை. கயிறு எட்டாமல் போனால் ஒட்டுப் போட்டாவது இழுத்துக்கொண்டு வந்து சேர்ப்பேன். அவர் போன பிறகும் என் கைதான் அந்தக் கடையை நடத்தியது.

இதை அவனிடம் சொன்னேன். சிரித்தான்.

"கட்டில் வேறம்மா. கயித்த நீ இழுத்து வழிக்குக் கொண்டாந்துருவ. இந்தக் காயை யாரும் இழுக்கக் கூடாது. அதுவா வரணும்."

3

எனக்கு இடுப்பில் ஆபரேஷன் ஆன குளிர்காலம். தனியே வீட்டில் விடக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வாசுகிக்கு மருந்துக் கடையில் வேலை. புதன்கிழமை மட்டும் காலையில் போனால் சாயங்காலம்தான் வருவாள். அதனால் புதன்கிழமைகளில் சௌந்தர் என்னைத் தன்னோடு பல்கலைக்கழகத்துக்குக் கூட்டிப்போய்விடுவான். மூன்றாவது மாடியில் அவன் அறை. வெளியே பனி கொட்டும். உள்ளே சுவர் முழுக்கக் கரும்பலகை. அதற்கு எதிரே ஒரு சாய்வு நாற்காலியைப் போட்டு என்னை உட்கார வைத்துவிட்டு அவன் பாட்டுக்கு எழுதுவான்.

பலகையின் கீழ் மூலையில் ஒரு பெரிய முக்கோணம். ஒரு மூலை வாயைப் பிளந்த மாதிரி விரிந்திருக்கும். அதற்குள் நீலச் சாக்பீஸால் ஒரு கோடு, முட்டி முட்டித் திரும்பும். மற்றதெல்லாம் எழுத்து, எனக்கு ஆகாதது. நான் அந்தக் கோட்டைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். மூன்று பக்கத்துக்கும் நானே பெயர் வைத்திருந்தேன். வாசல் பக்கம், சன்னல் பக்கம், தரைப் பக்கம். ஒரு வாரம் ஒரு முட்டல் கூடியிருக்கும். சில வாரம் மூன்றை அழித்துவிட்டு ஒன்று போட்டிருப்பான்.

புதன்கிழமைதோறும் கிளம்பும்போது, "வந்து சேந்துருச்சாய்யா?" என்பேன். "இன்னும் வரலம்மா" என்பான்.

கமிலா அங்கேதான் பழக்கம். சிலி நாட்டுப் பெண். சௌந்தரிடம் முனைவர் பட்டத்துக்குப் படிக்கிறவள். அவனைப் பார்த்து அவளும் என்னை "அம்மா" என்பாள். வேறு ஒரு பேராசிரியர் ஒரு நாள் எட்டிப் பார்த்து, உங்கள் ஊர்ப் பெண்கள் வாசலில் போடும் கோலத்தில் பெரிய கணிதம் இருக்கிறதாமே, போட்டுக் காட்டுவீர்களா என்று கேட்டார். சௌந்தர் மொழிபெயர்த்தான். எனக்குக் கோலம் வராது, எங்கள் வாசலில் ஸ்டிக்கர்தான் ஒட்டியிருந்தோம் என்றேன். அதைச் சொல்லச் சௌந்தருக்கு வெட்கம். எனக்கு இல்லை. விடியற்காலையில் கயிறு திரிக்கிறவளுக்குக் கோலத்துக்கு ஏது நேரம்?

4

அவன் ஒரு வியாழக்கிழமை காலையில் அந்த அறையிலேயே விழுந்தான். மாரடைப்பு. ஐம்பத்தொரு வயது. முதல் நாள் புதன்கிழமை நான் அவனோடு இருந்தேன். கோடு பதினேழு முட்டலில் நின்றிருந்தது. என்னிடம் "இன்னும் வரலம்மா" என்றுதான் சொன்னான்.

அவனை மின்சார மயானத்தில் எரித்த பிறகு, அவன் குளிர்ச் சட்டையையும் பையையும் எடுத்துவர வாசுகியும் நானும் போனோம். நான்கு நாள் ஆகியிருந்தது. அதுவரை அறையைப் பூட்டி வைத்திருந்தார்கள். வாசுகியைக் கீழே அலுவலகத்தில் கையெழுத்துப் போட உட்கார வைத்தார்கள். ஒருவர் எனக்கு அறையைத் திறந்துவிட்டுப் போய்விட்டார்.

நான் உள்ளே நின்றேன். யாரும் கழுவவில்லை. எங்கள் பக்கத்தில் பிணத்தை எடுத்துத் தெருமுனை திரும்புவதற்குள் பொம்பளைகள் வீட்டைக் கழுவிவிட்டிருப்பார்கள். என் வீட்டுக்காரர் போன அன்று அழுகையை நிறுத்திவிட்டுக் குடத்தை எடுத்தது நான்தான். கழுவாத இடத்தில் போனவர் நின்றுகொண்டே இருப்பார். இங்கே என் பிள்ளை நான்கு நாளாக அந்த அறையில் நின்றிருக்கிறான். அவனுக்கு உட்காரவும் இடமில்லை, போகவும் வழியில்லை. அந்த நேரத்தில் எனக்கு அது மட்டும்தான் தோன்றியது.

மேசையில் அவன் சாப்பாட்டு டப்பா இருந்தது. வியாழக்கிழமை நான் கட்டிக்கொடுத்த தயிர்ச்சோறு திறக்காமல் கிடந்தது. அதைக் கொட்டிக் கழுவி, அந்த டப்பாவிலேயே கழிவறைக் குழாயில் தண்ணீர் பிடித்து வந்தேன். என் பருத்தித் துண்டை நனைத்து, தரை, மேசை, நாற்காலி என்று வரிசையாகத் துடைத்தேன். பிறகு பலகை. அவன் கையெழுத்தைப் பார்த்தால் உடைந்துவிடுவேன் என்று முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு துடைத்தேன். பலகையில் ஒரு தாள் ஒட்டியிருந்தது கைக்குத் தட்டுப்பட்டது. அவன் ஒட்டியதாயிற்றே என்று அதை மட்டும் நனையாமல் சுற்றித் துடைத்தேன்.

வாசலில் ஒரு சத்தம். கமிலா. வாயைப் பொத்திக்கொண்டு அப்படியே சுவரோடு உட்கார்ந்துவிட்டாள். நான் போய் அவள் தலையைத் தடவிக் கொடுத்தேன். வாத்தியாருக்காக அழுகிறாள் என்று நினைத்தேன்.

அந்தத் தாளில் 'அழிக்காதீர்கள்' என்று இங்கிலீஷில் எழுதியிருந்ததாம். வீட்டுக்கு எடுத்துவந்து காட்டியபோது கயல் படித்துச் சொன்னாள்.

5

அந்த வருடம் எப்படிப் போனது என்று கேட்டால், தாள்களில் போனது. என் குடியிருப்பு அட்டையைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. என்னை இந்த நாட்டுக்கு அழைத்தவன் சௌந்தர். இறந்தவருக்கு நீங்கள் என்ன உறவு என்றார்கள். அம்மா என்றேன். சான்று கேட்டார்கள். பாஸ்போர்ட்டில் என் பெயர் ஒரு மாதிரி, அவன் பிறப்புச் சான்றில் ஒரு மாதிரி. கருப்பையா மதுரையில் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கி ஒரு தாள் வாங்கி அனுப்பினான். அவனை நான்தான் பெற்றேன் என்பது ஆவணி மாதம்தான் உறுதியாயிற்று.

கயலுக்குப் பதினாலு வயது. தமிழ் கேட்டால் புரியும், பதில் பாதி இங்கிலீஷில் வரும். அவள் அப்பா போன பிறகு மீதித் தமிழும் குறைந்தது. தமிழில் சண்டை போட வீட்டில் ஆள் இல்லாமல் போயிற்று.

சமையலறை அலமாரியில் ஒரு பேசும் பெட்டி இருக்கிறது. வியாழக்கிழமைதோறும் காலை ஒன்பது மணிக்கு, "சௌந்தர், மூன்று மணிக்குக் கருத்தரங்கு" என்று இங்கிலீஷில் சொல்லும். அவன் போட்டு வைத்தது. நிறுத்துவது சுலபமாம். வாசுகி நிறுத்தவில்லை. நானும் சொல்லவில்லை. அது சொன்னதும், வேலைக்குக் கிளம்ப யாரோ சாவியைத் தேடுகிற மாதிரி இருக்கும்.

திவசத்துக்கு ஒரு மாதம் முன்னால் கமிலா வந்தாள். அறைக்குப் புது ஆள் வரப் போகிறார். சௌந்தரின் நோட்டுகளை அவள் வரிசையாகப் படித்து முடித்துவிட்டாள். பன்னிரண்டாவது முட்டல் வரைதான் நோட்டில் இருக்கிறது. மீதி பலகையில் மட்டும் இருந்தது. புதன்கிழமைதோறும் அம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தார்களே, கொஞ்சமாவது நினைவிருக்கிறதா என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள். கயல் மொழிபெயர்த்தாள்.

"கொஞ்சமாவதா?" என்றேன். "கெளம்பச் சொல்லு."

அதே அறை. அதே பலகை. நீலச் சாக்பீஸை வாங்கிக்கொண்டு வரைந்தேன். வாசல் பக்கம், தரைப் பக்கம், சன்னல் பக்கம், மறுபடி தரை. கமிலா நோட்டை வைத்து ஒப்பிட்டுக்கொண்டே வந்தாள். கோணல்மாணலாக இருந்தாலும் பரவாயில்லை, எந்தப் பக்கத்துக்கு அடுத்து எந்தப் பக்கம் என்பதுதான் முக்கியமாம். பன்னிரண்டு வரை ஒன்று பிசகவில்லை. அவள் மூச்சு விடுவது எனக்குக் கேட்டது. பதிமூன்று, பதினாலு. என் கை தானாக ஓடியது. பதினேழைத் தாண்டி இன்னும் மூன்று முட்டல் ஓடி, கிளம்பிய இடத்துக்கே வந்து சேர்ந்தது. அங்கே ஒரு சின்னச் சுழி போட்டுக் கையை எடுத்தேன்.

கமிலா என்னவோ கேட்டாள்.

"அப்பத்தா, அது க்ளோஸ் ஆச்சான்னு கேக்குறா. டாட் அதை முடிச்சாரான்னு."

நான் தலையாட்டினேன். அந்த நிமிஷம் எனக்கு அப்படித்தான் இருந்தது. கமிலா என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். சேதி கேட்டு வாசுகி மருந்துக் கடையிலேயே அழுதுவிட்டாளாம். திவச வாரத்தில் ஒரு நினைவுக் கூட்டம் நடத்தி, சௌந்தர் கடைசியாகக் கண்டுபிடித்தது என்று அதைக் கமிலா எல்லார் முன்னாலும் சொல்வதாக ஏற்பாடு ஆயிற்று.

வீட்டுக்குத் திரும்பும் வழியில், காரில், பதினேழு என்ற எண்ணிக்கை எனக்குத் தட்டுப்பட்டது. புதன்கிழமை பதினேழு. அதற்குப் பிறகு நான் பலகையைப் பார்க்கவே இல்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டல்லவா துடைத்தேன். அப்படியானால் அந்த மூன்று முட்டலும், அந்தச் சுழியும் யாருடையது?

வியாழக்கிழமை காலையில் அவன் வரைந்திருக்கலாம். வரையாமலும் இருந்திருக்கலாம். பார்த்த ஒரே ஆள் அவன்.

6

நான் உடனே சொல்லவில்லை. அதை ஒளிக்காமல் எழுதுகிறேன். அவன் பெயரோடு முடிந்த காரியம் ஒன்று இருக்கட்டுமே என்று இருந்தது. சாப்பிடும்போதும் குளிக்கும்போதும் அந்தக் கடைசி மூன்று முட்டலையும் அவன் கையால் வரைந்து பார்த்தேன். சில சமயம் அவன் கை வந்தது. பெரும்பாலும் என் கைதான் வந்தது, கயிற்றை இழுத்துக்கொண்டு.

மூன்று வாரம் கழித்து ஒரு வியாழக்கிழமை காலையில் கமிலா வீட்டுக்கு வந்தாள். பள்ளிக்கூடம் லீவு. கயல் இருந்தாள், வாசுகியும் இருந்தாள். கமிலாவின் கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. இட்லியைப் பிட்டுப் பிட்டுத் தட்டிலேயே வைத்தாள். அப்புறம் தலையைக் குனிந்துகொண்டு நெடுநேரம் பேசினாள். கயல் முழித்தாள்.

"என்னடி சொல்றா?"

"அப்பத்தா, கம்ப்யூட்டர்ல போட்டா அது வரலையாம். லாஸ்ட்டு மூணு ஒத்துக்கலையாம். ஆனா டாட் போட்டிருக்காரு, அதனால கரெக்டாத்தான் இருக்கும்கிறா. அவளுக்குத்தான் மூளை பத்தலையாம். படிப்பை விட்டுட்டு ஊருக்குப் போறாளாம்."

அப்போது அலமாரியில் பெட்டி சொன்னது, சௌந்தர், மூன்று மணிக்குக் கருத்தரங்கு என்று. கமிலாவுக்கு அது தெரியாது. அவள் திடுக்கிட்டு வாசலைப் பார்த்தாள்.

"கயல், நான் சொல்றத அப்படியே சொல்லு" என்றேன். "கடைசி மூணையும் போட்டது உங்க அப்பா இல்ல. நான். அவன் போட்டானா இல்லையான்னு எனக்குத் தெரியாது. நான் பாக்காமத் தொடச்சுட்டேன். முடிச்சுப் போடாம விட்டு என் கைக்குப் பழக்கம் இல்ல."

கயல் என்னையே பார்த்தாள். "சொல்லுடி" என்றேன். சொன்னாள்.

கமிலா கோபப்படுவாள் என்று நினைத்தேன். அவள் மேசையில் கையை ஊன்றி முகத்தைப் புதைத்துக்கொண்டாள். தோள் இறங்கியது. பாரம் இறக்கிய தோள். பிறகு நிமிர்ந்து, பதினேழு வரை நிச்சயமா என்று மட்டும் கேட்டாள். நிச்சயம் என்றேன்.

கோபம் வாசுகிக்குத்தான். கமிலா போன பிறகு பாத்திரம் கழுவிக்கொண்டே திரும்பாமல் பேசினாள்.

"எதுக்கு அத்தை சொன்னீங்க? அவரு முடிச்சுட்டுத்தான் போனாருன்னு நான் மூணு வாரம் நிம்மதியாத் தூங்கினேன்."

"நான் தூங்கலயேம்மா."

"முடிச்சிருந்தாலும் முடிச்சிருப்பாருல்ல? யாருக்குத் தெரியும்?"

"முடிச்சிருப்பான். எனக்கும் அதுதான் ஆசை. ஆனா நான் முடிச்சத அவன் முடிச்சதுன்னு ஊரு முன்னால வச்சா, அவன் நெசமா முடிச்சது எதுன்னு நாளைக்கு யாரு நம்புவா? அந்தப் பதினேழும் போயிரும்ல."

வாசுகி குழாயை மூடினாள். "பெத்தவுக நீங்க. உங்களுக்குச் சொல்ல முடிஞ்சுது" என்றாள். அதில் குத்தல் இருந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. திருத்தும்போது இந்த வரியை அவள் அப்படியே விட்டிருக்கிறாள்.

7

நினைவுக் கூட்டம் நடந்தது. கமிலா பதினேழு முட்டல் வரை சொன்னாள். மேலே தெரியாது என்றும் சொன்னாள். கைதட்டினார்கள். பாதிப் பேர் எழுந்து நின்று தட்டினார்கள் என்று வாசுகி சொன்னாள். எனக்குக் கண்ணீர் மறைத்திருந்தது.

அதற்கு முன்னால், கூட்டத்தன்று காலையில், கமிலா கயலையும் என்னையும் அந்த அறைக்குக் கூட்டிப்போனாள். நான் வரைந்தது பலகையில் அப்படியே இருந்தது. புது ஆள் வருவதற்குள் அதைச் சரியாகப் படம் எடுத்து வைக்க வேண்டும். கடைசி மூன்றை அழிக்கத் தனக்கு மனசு வரவில்லை, வரைந்தவர்களே அழிக்கட்டும் என்றாள்.

ஈரத்துணி கொடுத்தாள். இந்த முறை முகத்தைத் திருப்பவில்லை. சுழியை அழித்தேன். இருபது, பத்தொன்பது, பதினெட்டு. பதினேழாவது முட்டலில் கொண்டுபோய் நிறுத்தினேன். கறுப்பாக நனைந்திருந்த இடம் ஓரத்திலிருந்து மெதுவாக வெளுத்துக்கொண்டு வந்தது. முழுவதும் காயும்வரை மூன்று பேரும் நின்றோம். கமிலா படம் எடுத்தாள்.

கயல் பலகைக்குப் பக்கத்தில் போனாள். கோடு நின்ற இடத்தை விரல் படாமல் காட்டினாள்.

"அப்பத்தா, அப்பா இங்கருந்து எங்க போகப் பாத்தாரு?"

அவன் போன பிறகு அவள் அவனை அப்பா என்று சொல்லி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

"இது தரைப் பக்கம்" என்றேன். "இங்கருந்து ரெண்டு எடத்துக்குத்தான் போக முடியும். வாசல் பக்கம், இல்லாட்டி சன்னல் பக்கம். எதுன்னு எனக்குத் தெரியாதும்மா."

அவள் தட்டிலிருந்த நீலச் சாக்பீஸை எடுத்தாள். வாசல் பக்கத்தைப் பார்த்தாள், சன்னல் பக்கத்தைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் அப்படியே வைத்துக்கொண்டிருந்துவிட்டு, சத்தம் கேட்காமல் தட்டிலேயே வைத்தாள்.